கூழாங்கல்லைத் துப்பிய முயல்

குளக்கரை நொச்சிப் புதரை வெட்டச் சொன்னது நீங்கள்தான்! காற்று சாய்க்கவில்லை. கறையான் அரிக்கவில்லை. நீங்கள்தான்! நீங்கள் யானையா, கரடியா, காட்டெருமையா என்று இந்தக் கதை சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த இனம் முழுக்க முறைத்துக்கொண்டு வந்து நிற்கும். நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அது போதும். உட்கார்ந்து கேளுங்கள்.

காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளக்கரையில் வாரம் ஒருமுறை மிருகங்களின் சந்தை கூடும். விடிந்ததும் கூடி, பொழுது சாயும்போது கலையும். தேனைக் கொடுத்துக் கிழங்கு வாங்கலாம். கிழங்கைக் கொடுத்து நெல்லிக்காய் வாங்கலாம். கடை போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

அவர்களில் ஒருத்தி வெடுக்கி என்ற முயல். பெற்றவள் வைத்த பெயர் வேறு. வெடுக் வெடுக்கென்று பேசுவதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்குச் சொத்தும் கிடையாது, சொந்தமும் கிடையாது. மற்றவர்கள் கழித்துப்போட்ட கோரைக்கிழங்கைப் பொறுக்கி வந்து, ஏமாந்து, மிதிபட்டு, திட்டு வாங்கி, திருப்பித் திட்டி, சந்தையில் ஓர் இடம் பிடித்தவள். அவளிடம் பேரம் பேசக் காட்டுப்பன்றிக்கே உதறும்.

"இம்புட்டுத் தினைக்கு இவ்வளவுதான் கிழங்கா?" என்று பன்றி உறுமும்.

"உம்ம மூஞ்சிக்கு இதுவே அதிகம்! வேணும்னா எடும், இல்லேன்னா நடையைக் கட்டும்!"

பன்றி முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டு போகும்.

குளத்தின் கீழ்க்கரையில் அப்போது அடர்ந்த நொச்சிப் புதர் ஒன்று இருந்தது. பெண்கள் ஒதுங்குவது அதற்குப் பின்னால்தான். யார் கண்ணிலும் படாது. நொச்சி இலையின் வாசம் தூக்கலாக இருக்கும். அதைத் தாண்டி வேறு எந்த வாடையும் சிறுத்தையின் மூக்குக்குப் போகாது. பெண்கள் குடிப்பார்கள், ஒதுங்குவார்கள், கடைக்குத் திரும்புவார்கள். அதை ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைத்ததே இல்லை.

ஒருநாள் சந்தைத் தலைவர் தன் பாறைமேல் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பார்த்தவர் முகம் சுளித்தார்.

"அந்தப் புதர் குளத்தை மறைக்குது. நாலு பேர் பார்க்கிற மாதிரி இருந்தாத்தானே அழகு! வெட்டிடுங்க!"

"வெட்டிடுங்க!" என்று நரி கத்தியது. நரியின் வேலையே அதுதான். தலைவர் மெதுவாகச் சொல்வதை அது சத்தமாகச் சொல்லும்.

உச்சிப் பொழுதுக்குள் புதர் விழுந்தது. வேரையும் தோண்டி எறிந்தார்கள். தலைவரின் பாறைக்குப் பின்னால் மட்டும் கொழுகொழுவென்று ஒரு நொச்சிப் புதர் அப்படியே நின்றது. அது தலைவர் ஒதுங்குகிற இடம். அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆண்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏதாவது ஒரு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றால் வேலை முடிந்தது. பெண்கள் என்ன செய்வார்கள்? தூரத்தில் ஒரு பாறை இடுக்கு உண்டு. அங்கே போய்த் திரும்புவதற்குள் குரங்குகள் கடையைக் காலி செய்துவிடும். கீரிப்பெண் ஒருத்தி அடக்கமுடியாமல் வெட்டவெளியிலேயே ஒதுங்கினாள். மரக்கிளையில் இருந்த குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. மறுநாள் காலையில் அதே இடத்தில் சிறுத்தையின் கால்தடம் கிடந்தது. அதற்கப்புறம் அவள் ஒதுங்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

யாரும் குடிக்கவில்லை.

தாகத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் வெடுக்கிதான். வழவழப்பான கூழாங்கல் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் வாயில் கொஞ்சம் எச்சில் ஊறும். தாகம் ஏமாந்துவிடும். அவள் செய்வதைப் பார்த்து எல்லாப் பெண்களும் ஆளுக்கொரு கல்லைத் தேடி எடுத்தார்கள். விடிகாலையில் கல்லைப் போட்டால் பொழுது சாய்ந்துதான் எடுப்பார்கள். போகப்போக அதில் ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. யாருடைய கல் அதிகம் தேய்ந்து மினுக்குகிறதோ அவள்தான் கெட்டிக்காரி. வெடுக்கியின் கல் மீன்கண் மாதிரி மினுக்கும்.

பக்கத்துக் கடையில் நெல்லிக்காய் வைத்திருந்தவள் மருக்கொழுந்து என்ற புள்ளிமான். கைக்குட்டிக்காரி. அவளால் கல்லோடு மல்லுக்கட்ட முடியவில்லை.

"அக்கா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஒரே ஒரு மடக்குக் குடிச்சுக்கட்டுமா?"

"குடி. குடிச்சிட்டு எங்க போவ? குரங்குகளுக்குக் கூத்துக் காட்டவா?"

"ஒரு மடக்குதானே..."

"அடியே, கல்லை அந்தக் கன்னத்துக்கு மாத்திப் போடு! என்னைப் பாரு. காலையிலேர்ந்து ஒரு சொட்டு உள்ள போயிருக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மருக்கொழுந்து கல்லை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

இதற்கு நடுவில் இன்னொரு வேடிக்கை! ஒவ்வொரு சந்தையிலும் நரி பாறைமேல் ஏறி நின்று தொண்டையைச் செருமும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! தலைவர் சொல்றார்! தினமும் நிறையத் தண்ணி குடிங்க! தண்ணிதான் உசிரு! தண்ணி குடிச்சா மேனி மினுக்கும்! கண்ணு பளிச்சுன்னு தெரியும்! குளம் நிறையத் தண்ணி கிடக்கு, குடிக்கத்தான் உங்களுக்குச் சோம்பேறித்தனம்!"

தலைவர் பாறைமேல் இருந்தபடி ஒரு பெரிய சுரைக்குடுக்கையைத் தூக்கிக் கடகடவென்று குடித்துக் காட்டுவார். ஆண்கள் ஆரவாரம் செய்வார்கள். பெண்கள் கன்னத்துக் கல்லை நறநறவென்று கடிப்பார்கள்.

வெயில் ஏறினால் வெடுக்கிக்கு மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். கண் முன்னால் பூச்சி பறக்கும். ஒருநாள் முள்ளம்பன்றி ஒருத்தி ஒரு காய்ந்த பூசணியைக் கொண்டுவந்து வைத்தாள். வெடுக்கி ஒரு குவியல் கிழங்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பேரமே பேசவில்லை!

"உடம்புக்கு ஏதும் ஆயிப்போச்சா வெடுக்கி?" என்று முள்ளம்பன்றியே பயந்து கேட்டாள். "நீ என்னைத் திட்டவே இல்லையே!"

"வெயிலு" என்றாள் வெடுக்கி. அவளே அதை நம்பவில்லை.

அடுத்த சந்தையில் மருக்கொழுந்து விழுந்தாள். நெல்லிக்காயை அள்ளிக் கொடுத்துக்கொண்டு இருந்தவள், முன்னங்கால் மடங்கி அப்படியே குவியல்மேல் சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வெடுக்கி ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். மானின் வாயிலிருந்து கூழாங்கல் உருண்டு விழுந்தது.

"எரியுதுக்கா" என்றாள் மருக்கொழுந்து. "ரொம்ப நாளாவே எரியுது. உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

நாரை வைத்தியர் தத்தித் தத்தி வந்து பார்த்தார். அலகைத் தட்டினார்.

"நீர்க்கடுப்பு. முத்திப்போய்க் காய்ச்சலும் வந்திருக்கு. தண்ணியே குடிக்கிறதில்லையா இவ?"

"சந்தை நாள்ல குடிக்கிறதில்லை."

"சந்தை நாள்ல பழகின உடம்பு மத்த நாள்லயும் தண்ணி கேட்காது. தாகமே மறந்துபோயிருக்கு. இனிமே குடிக்கணும். குடம் குடமா ஒரேயடியா ஊத்திக்கக் கூடாது. மடக்கு மடக்கா, நாள் முழுக்க, தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது. இதை விட்டா வேற மருந்து கிடையாது. இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க. நான் வந்து பிரயோஜனம் இல்லை."

"குடிச்சிட்டு எங்க ஒதுங்குறது வைத்தியரே?"

நாரை ஒற்றைக்காலை மாற்றிக்கொண்டார். "அதை என்கிட்ட கேட்காதேம்மா. நான் உடம்புக்குத்தான் வைத்தியன்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனார்.

வெடுக்கி அந்த வாரம் முழுக்க மருக்கொழுந்து குடியிருந்த புதரிலேயே இருந்தாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்து மடக்கு மடக்காகப் புகட்டினாள். காய்ச்சல் இறங்கியது. மருக்கொழுந்து எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள்.

"அடுத்த சந்தைக்கு நான் வரலைக்கா. வந்தா மறுபடியும் கல்லுதான். மறுபடி கல்லைப் போட்டா நான் போயிடுவேன்."

"வரலைன்னா உன் இடத்தை வேற ஆளு பிடிச்சுக்குமே. குட்டிக்கு என்ன கொடுப்ப?"

"தெரியலையே!"

வெடுக்கிக்கும் தெரியவில்லை. தன் கன்னத்துக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மினுமினுவென்று இருந்தது. இதைக் காட்டித்தானே இவளைக் கேலி செய்தோம்! தன் மண்டைவலியையும் பேரம் பேச மறந்த அந்தக் காய்ந்த பூசணியையும் நினைத்தாள். கோபம் பொங்கி வந்தது. முதல் கோபம் தன்மேலேயே. அது சீக்கிரம் ஆறிவிட்டது. இரண்டாவது கோபம் ஆறவில்லை. அது நேராகப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நீ கிளம்பி வா" என்றாள். "கல்லை மட்டும் எடுத்துக்க. வாயில போடாத. கையில வச்சுக்க."

சந்தை கூடியது. நரி பாறைமேல் ஏறியது. "எல்லாரும் கேட்டுக்குங்க! தினமும் நிறையத் தண்ணி..."

"கேட்டாச்சு!" என்று வெடுக்கி கத்தினாள்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. அவள் நேராகக் குளத்துக்குப் போனாள். குனிந்தாள். குடித்தாள். எல்லோரும் பார்க்க, நிதானமாக, மடக்கு மடக்காகக் குடித்தாள். சுரைக்குடுக்கையை நிரப்பிக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பொண்டுகளா, இனிமே சந்தையில இதுதான் வழக்கம்! ஒரு பேரம் முடிஞ்சா ஒரு மடக்கு! பேரம் படியலைன்னாலும் ஒரு மடக்கு! பேரத்தை நாம மறக்க மாட்டோம் இல்ல? அதோட சேர்த்துக் கட்டிவிட்டா தண்ணியையும் மறக்க மாட்டோம்."

"வெடுக்கி, உனக்குப் பைத்தியமா?" என்று கீரிப்பெண் பதறினாள். "குடிச்சிட்டு எங்க போறது?"

"இடம் இருக்கு. நான் காட்டுறேன்."

மருக்கொழுந்து முதல் மடக்கைக் குடித்தாள். முள்ளம்பன்றி குடித்தாள். மயில்பெண் கழுத்தை நீட்டிக் குடித்தாள். அன்று சந்தையில் பேரம் அனல் பறந்தது. பெண்களின் குரல் கணீரென்று இருந்தது. காட்டுப்பன்றி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு திட்டு வாங்கிக்கொண்டு போனது.

வெயில் ஏறியது. வெடுக்கி எழுந்தாள். கடையை முள்ளம்பன்றியிடம் ஒப்படைத்துவிட்டு, நேராகத் தலைவரின் பாறைக்குப் பின்னால் நடந்தாள். நரி பாய்ந்து வந்து குறுக்கே நின்றது.

"ஏய் ஏய்! இது தலைவர் புதர்!"

"தெரியும். ரொம்ப நல்லா வளர்த்திருக்கார்."

"பொம்பளைங்களுக்கு இங்க இடம் கிடையாது!"

"எங்க இடம் எங்க இருந்துச்சோ அதைக் காட்டு. அங்க போயிடுறேன்."

நரி கீழ்க்கரையைப் பார்த்தது. மொட்டைத் தரை. சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு கத்துனது யாரு?"

"நான்தான்."

"குடிச்சிட்டேன். இப்ப என்ன செய்யச் சொல்ற? காது வழியா விடவா?"

நரிக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. அது வழியை விட்டு விலகியது. வெடுக்கி உள்ளே போய்விட்டு வந்தாள். அவள் வெளியே வரும்போது மருக்கொழுந்து காத்துக்கொண்டு நின்றாள். மானுக்குப் பின்னால் கீரிப்பெண். கீரிக்குப் பின்னால் மயில்பெண். வரிசை வளர்ந்தது. குரங்குகள் சிரிக்க வந்தன. கடைக்காவலுக்கு இருந்த முள்ளம்பன்றி முதுகைச் சிலிர்த்துக் காட்டினாள். குரங்குகள் வேறு மரத்துக்குப் போய்விட்டன.

பகல் முழுக்க வரிசை ஓயவில்லை. போனவர்கள் கடைக்குத் திரும்பினார்கள். மறுபடி பேரம், மறுபடி மடக்கு, மறுபடி வரிசை.

இப்போதுதான் தலைவர் பாறையிலிருந்து இறங்கினார். காலையில் ஊருக்குக் குடித்துக்காட்டிய குடுக்கைத் தண்ணீர் வேலையைக் காட்டியிருந்தது. நடை கொஞ்சம் அவசரமாக இருந்தது.

"என்ன கூட்டம் இது? நகருங்க!"

"வரிசையில வாங்க தலைவரே" என்றாள் வெடுக்கி. "காவல் முடிஞ்சு கடைசியில முள்ளம்பன்றி நிக்கிறா பாருங்க. அவளுக்குப் பின்னாடி நில்லுங்க. ரொம்ப ஒட்டி நிக்காதீங்க."

"நான் தலைவர்!"

"உங்க மூத்திரப்பைக்கு அது தெரியுமா?"

தலைவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பல்லைக் கடித்தார். "இவ்வளவு பேர் முடிக்கிறவரைக்கும் நான் எப்படி அடக்குவேன்?"

"நாங்க விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும் அடக்குனோம். உங்களுக்கு ஒரு நல்ல கல்லு தரட்டுமா? கன்னத்துல போட்டுக்குங்க."

"விளையாடாத முயலே!"

"முடியலைன்னா அந்தா இருக்கு மரம். ஆம்பளைங்க எல்லாம் அங்கதானே போறாங்க? நீங்களும் போங்க."

"அங்கயா?" என்று தலைவர் அலறினார். "அங்க போனா எல்லாரும் பார்ப்பாங்களே!"

தலைவர் சொன்னது தலைவர் காதிலேயே விழுந்தது. நரிகூட இந்த முறை அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லவில்லை.

"பார்த்தா என்ன தலைவரே?" என்றாள் வெடுக்கி. "நாலு பேர் பார்க்கிற மாதிரி இருந்தாத்தானே அழகு!"

முள்ளம்பன்றிதான் முதலில் சிரித்தாள். பிறகு கீரி. பிறகு வரிசை முழுக்க. மருக்கொழுந்து சிரிக்கவில்லை. அவள் முன்னால் வந்து, கையிலிருந்த கூழாங்கல்லைத் தலைவரின் காலடியில் போட்டாள்.

"இது என்னைக் கொல்லப் பார்த்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒவ்வொருத்தியாக வந்து கல்லைப் போட்டார்கள். கடைசியாக வெடுக்கி வந்தாள். அவள் தன் கல்லை வாயில் போட்டு, தலைவரை நேருக்கு நேராகப் பார்த்துத் துப்பினாள்.

"சரி சரி!" என்றார் தலைவர். வியர்த்துக் கொட்டியது. "பழைய இடத்துல ஒரு புதர் நட்டுத் தர்றேன். இப்ப வழி விடுங்க!"

வெடுக்கி கையைக் கட்டிக்கொண்டாள். பேரம் என்று வந்துவிட்டால் அவளுக்கு அவசரமே கிடையாது.

"ரெண்டு புதர். கீழ்க்கரையில ஒண்ணு, மேல்கரையில ஒண்ணு."

"முன்னாடி ஒண்ணுதானே இருந்துச்சு!"

"அது முன்னாடி. வெட்டினதுக்கு அப்புறம் விலை ஏறிப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் யோசிச்சீங்கன்னா மூணாகும்."

"ரெண்டு! ரெண்டு!"

"நீங்களே நடணும். நரியை அனுப்பக் கூடாது."

"நானே நடுறேன்!"

"அது வளர்ந்து எங்க மருக்கொழுந்து தலைக்கு மேல நிக்கிற வரைக்கும் இந்தப் புதர் எங்களுக்கு அடமானம். நீங்க வரிசையில வரணும்."

"எல்லாத்துக்கும் சரி! தாயே, விடு!"

வெடுக்கி ஒதுங்கி நின்றாள். தலைவர் ஓடிய ஓட்டத்தை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து சந்தையில் ஒரு பேரத்துக்கு ஒரு மடக்கு என்பது வழக்கமாகிவிட்டது. ஆண்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் இருக்கும் நாட்களிலும் பெண்கள் அதை விடவில்லை. குட்டிக்கு ஒரு வாய் ஊட்டினால் தனக்கு ஒரு மடக்கு என்று மருக்கொழுந்து வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கடுப்பு திரும்ப வரவில்லை. வெடுக்கிக்கு மண்டைவலி போனது, வாய்த்துடுக்கு போகவில்லை.

புதர் என்ன ஆனது?

அடுத்த சந்தைக்கு எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டு கரையிலும் குச்சிகள் நடப்பட்டிருந்தன. பாறைமேல் நரி நின்று, "தலைவர் சொன்னபடி நட்டாச்சு!" என்று கத்தியது. வெடுக்கி போய் ஒரு குச்சியைத் தொட்டாள். படக்கென்று ஒடிந்தது. எல்லாம் காய்ந்த சுள்ளி! அடுப்புக்குக்கூட உதவாத சுள்ளி! நொச்சியில் பச்சைக் குச்சியை ஒடித்து ஈரத்தில் செருகினால் போதும், தானாகத் துளிர்க்கும். தன் புதரிலிருந்து ஒரு பச்சைக் கொப்பை ஒடிக்கத் தலைவருக்கு மனசு வரவில்லை.

"நாமளே நட்டுக்கலாமேக்கா" என்றாள் மருக்கொழுந்து. "எவ்வளவு நேரம் ஆகும்?"

"நமக்கு நடத் தெரியாதா?" என்றாள் வெடுக்கி. "வெட்டினவரு நடட்டும். நாம நட்டா, நாளைக்கு இன்னொரு தடவை வெட்டுறதுக்கு அவருக்குக் கை கூசாது."

ஒடிந்த சுள்ளியைப் பாறையடியில் கிடந்த கூழாங்கல் குவியலின் மேல் போட்டாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். வரிசையில் போய் நின்றாள்.

இன்றைக்கும் அந்த வரிசை நிற்கிறது. கடைசியில் முள்ளம்பன்றி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கால் மாற்றிக்கொண்டு நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும். மழை பெய்துவிட்டது. இரண்டு கரையும் ஈரமாக இருக்கிறது. பச்சைக் கொப்பு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்னும் என்ன யோசனை? ஒடியுங்கள்! குனிந்து நடுங்கள்!

நிறையத் தண்ணீர் குடி என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவர், குடித்தவர்கள் பயமும் வெட்கமும் இல்லாமல் ஒதுங்க ஓர் இடத்தை முதலில் தன் கையாலேயே உண்டாக்கித் தரவேண்டும்; தாருங்கள்!